பரணிலிருந்து கொல்லை வரை: வீட்டில் சாமான் ஏன் சேர்கிறது, எப்படிக் கழிப்பது

வீட்டில் சாமான் அடைந்துவிட்டால் பலரும் செய்வது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் இருப்பதையெல்லாம் கூடத்தில் இறக்கிப் போடுவார்கள். மத்தியானத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் தூசி தட்டி அத்தனையையும் திரும்ப மேலே ஏற்றிவிடுவார்கள். சோம்பேறித்தனத்தால் அப்படி ஆவதில்லை. தண்ணீர் டிரம் சேர்வதற்கு ஒரு காரணம், சீர்ப் பாத்திரம் சேர்வதற்கு இன்னொரு காரணம், பழைய ரசீது சேர்வதற்கு முற்றிலும் வேறு காரணம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுப்பதால்தான் எதுவும் குணமாவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி பார்க்கிற அறிகுறிகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் கீழே தந்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு சோதனை

ஏதாவது ஒரு குவியலைத் தேர்ந்தெடுங்கள். மேலாக இருக்கும் ஐந்து பொருளையும் அடியில் கிடக்கும் ஐந்து பொருளையும் பாருங்கள். மேலே இருப்பவை அண்மையில் வந்தவை. அடியில் இருப்பவை வெளியே போக மறுப்பவை. இரண்டும் ஒரே வகை என்றால், உதாரணமாக மேலேயும் பை அடியிலும் பை என்றால், வரத்தை நிறுத்தாமல் கழித்துப் பயனில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் சிக்கல் இடத்தில் இருக்கிறது. கையில் இருப்பதை வைக்க வேறு இடம் இல்லாததால் எல்லோரும் அங்கேயே வைக்கிறார்கள்.

மூன்று சாக்கு, ஒரு மார்க்கர், ஒரு சின்னக் காந்தம், டார்ச், கனமான கையுறை இருந்தால் போதும். பிளாஸ்டிக் டப்பாவோ அடுக்கு ரேக்கோ இப்போது வாங்க வேண்டாம். கழிப்பதற்கு முன் வாங்கும் டப்பாவில் கழிக்க வேண்டியதுதான் பத்திரமாக உட்காரும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இதில் உட்காராதீர்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு இரண்டு விதமாகத்தான் இருக்கும்: எல்லாம் இருக்கட்டும், அல்லது எல்லாவற்றையும் தூக்கிப் போடு.

அறிகுறி: ஒதுக்கிய பத்தே நாளில் ஃபிரிட்ஜ் தலையிலும் நாற்காலியிலும் மறுபடி குவியல்

இது இடச் சிக்கல், சுலபமானது. வாசலில் நுழைபவர் கையில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: வண்டிச் சாவி, ஹெல்மெட், பை, மருந்துக் கவர், பள்ளி டைரி. இவற்றுக்கு வாசலிலிருந்து நான்கைந்து எட்டுக்குள் இடம் வேண்டும். சுவரில் ஆறு கொக்கி, சாவிக்கு ஒரு கிண்ணம், காகிதத்துக்கு ஒரே ஒரு தட்டு. தட்டு நிரம்பினால் அன்றைக்கே பிரிக்க வேண்டும். பெரிய தட்டாக வைத்தால் இந்த முறை தோற்றுவிடும். ஏ4 தாள் அளவே போதும். நாற்காலியில் துணி குவிந்தால் அது பெரும்பாலும் ஒருமுறை உடுத்திய, ஆனால் துவைக்கப் போடாத துணி. அதற்குத் தனியாக ஒரு கொடி கட்டுங்கள்.

அறிகுறி: பரண் முழுக்க எவர்சில்வர், பித்தளை, சமையலுக்கு எடுப்பது நான்கு பாத்திரம்

இங்கே சேர்ந்திருப்பது உலோகத்தைவிட உறவுதான். அண்டா தாய்வீட்டுச் சீர். குத்துவிளக்கு மாமன் வைத்தது. பேர் பொறித்த டம்ளர்கள் யார் யாரோ கல்யாணத்தில் கொடுத்தவை. கழிக்கலாம் என்று எடுத்தால் அத்தை சொல்வார்: “இருக்கட்டும் கண்ணு, நாளைக்கு ஒரு விசேஷம்னா யாரு வீட்டு வாசல்ல போய் நிப்ப?” அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். அவர் பயப்படுவது அண்டா போவதற்காக இல்லை, இன்னொருவர் வாசலில் கேட்டு நிற்பதற்காக. ஒரு காலத்தில் அது நியாயமான பயம். இன்று சின்ன ஊரில்கூட சாமியானாக் கடையில் அண்டா, கரண்டி, அடுப்பு வரை நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. இந்தப் பதிலை முதலில் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

செய்யும் முறை: பரணை முழுசாக இறக்கக் கூடாது. இடது ஓரத்திலிருந்து மூன்றடி நீளம் மட்டும் இறக்குங்கள். ஏணியில் ஒருவர், கீழே வாங்கிக்கொள்ள ஒருவர். பழைய வீட்டில் பரண் கடப்பா கல்லாக இருந்தால் டார்ச் அடித்து அடிப்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். பல வருடம் பித்தளையைச் சுமந்த கல் ஓரத்தில் பிளந்திருக்கலாம்.

எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். வீட்டில் நால்வர், சாதாரணமாக ஒரே நேரத்தில் வரும் விருந்தாளிகள் பத்துப் பேர் என்றால் தட்டு பதினான்கு, டம்ளர் இருபது. அதற்கு மேல் ஆள் வந்தால் வாழை இலைதான் போடுவோம், தட்டை யாரும் தேடுவதில்லை. பெரிய பாத்திரத்தில் ஒன்று பொங்கலுக்கு, ஒன்று களி கிண்ட, ஒன்று வெந்நீருக்கு. மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள்.

யார் கொடுத்தது என்று உடனே நினைவுக்கு வந்து மனசு நெகிழ்கிறதா, ஒருவருக்கு ஒரு பொருள் வீதம் வைத்துக்கொண்டு அதைப் புழக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பாட்டியின் சொம்பு பரணில் பச்சை பூத்துக் கிடப்பதைவிட தினமும் தண்ணீர் மொள்ள உதவினால்தான் அது பாட்டியின் சொம்பு. பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பதாக இருந்தால் உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு போன பாத்திரத்தில் புளி சேர்த்த எதையும் வைக்கக் கூடாது. பூசித் தருபவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

யார் கொடுத்தது என்று வீட்டில் ஒருவருக்குமே ஞாபகம் வராத பாத்திரங்கள் விற்பனைக்கு. பித்தளை, செம்பு, அலுமினியம், எவர்சில்வர் என்று வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். கலந்து கொண்டுபோனால் மலிவான உலோகத்தின் விலைதான் முழு மூட்டைக்கும் கிடைக்கும். பித்தளை மாதிரித் தெரிவதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

மகளுக்குச் சீர் கொடுக்க என்று எடுத்து வைத்தவை மூன்றாவது வகை. மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெங்களூரில் இரண்டு அறை வீட்டில் இருக்கப் போகிறவள் ஐம்பது லிட்டர் அண்டாவை எங்கே வைப்பாள்? அதைப் பாத்திரக் கடையில் எடைக்கு மாற்றி அவளுக்கு வேண்டிய குக்கராக வாங்கிக் கொடுத்தாலும் சீர் சீர்தான்.

அறிகுறி: டிரம், குடம், பழைய பெயின்ட் வாளி, எங்கே கால் வைத்தாலும் தண்ணீர்ப் பாத்திரம்

இந்தப் பகுதியில் இதைக் குப்பை என்று சொல்லிவிட முடியாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்து, நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காரணமும் இருக்கிறது: எல்லாத் தெருவிலும் தினமும் தண்ணீர் வருவதில்லை.

எனவே பயத்தை விட்டுவிட்டுக் கணக்கு போடுங்கள். ஒரு மாதம் காலண்டரில் தண்ணீர் வந்த நாளைக் குறியுங்கள். மிக நீண்ட இடைவெளி ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், ஆளுக்கு 40 லிட்டர், ஐந்து நாள்: 800 லிட்டர். அதாவது 200 லிட்டர் டிரம் நான்கு. ஒரு நாள் பிசகினால் சமாளிக்க ஐந்தாவது ஒன்று. வீட்டில் மாடித் தொட்டி இருந்தால் அதன் கொள்ளளவை இதில் கழித்துவிடுங்கள். இந்தக் கணக்குக்கு மேல் இருக்கிற டிரம்மும், மூடி இல்லாத டிரம்மும், விளிம்பு உடைந்த குடமும் போகலாம்.

வைத்துக்கொள்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே கவிழ்த்துக் காய வைத்தால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு முறை உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு முறை தேய்க்க உங்களால் எத்தனை டிரம் முடியுமோ அதுவும் ஒரு வரம்புதான்.

அறிகுறி: ஓடாத டி.வி., சுற்றாத மிக்சி, “ரிப்பேர் பண்ணிடலாம்”

2006-இல் தொடங்கிய இலவச கலர் டி.வி., 2011-இல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், ஃபேன். இவை ஓடி முடித்து அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. காசு கொடுத்து வாங்காத பொருளைத் தூக்கிப் போடுவது சுலபமாக இருக்க வேண்டும்; நடைமுறையில் அப்படி இல்லை. 1990-இல் நெட்ச், கானமன், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சும்மா ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கையில் கோப்பை உள்ளவர் அதை விற்கக் கேட்ட விலை, இல்லாதவர் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்த நிமிடமே விலை ஏறிவிடுகிறது.

இதை மாற்ற ஒரு கேள்வி உதவும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே பொருள், இதே தூசியோடு, இதே உடைசலோடு சாக்கின் மேல் கிடந்தால் எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள்? “சும்மா கொடுத்தாலும் வேண்டாம்” என்று வாய் சொன்னால் முடிவு கிடைத்துவிட்டது. ரிப்பேர் செய்யலாம் என்று தோன்றினால் ஒரு சீட்டில் இன்றிலிருந்து முப்பதாவது நாளின் தேதியை எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்குள் கடைக்குப் போகவில்லை என்றால் இனியும் போகாது. மிக்சியில் ஜார் கப்ளரோ கார்பன் பிரஷ்ஷோ போயிருந்தால் மாற்றலாம். மோட்டார் காயில் புகைந்திருந்தால் கூலியும் சாமானும் சேர்ந்து எவ்வளவு என்று கேட்ட பிறகே கொடுங்கள்.

பழைய பெட்டி டி.வி.யை வீட்டில் உடைக்காதீர்கள். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் உடையும்போது சில்லு தெறிக்கும். செம்புக் கம்பிக்காக வயரை எரிப்பது அதைவிட மோசம். மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடப்பில் இருக்கின்றன. பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனத்துக்கு உண்டு. புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலாங்கடைக்குப் போடாமல் புதிய பேட்டரிக்கு மாற்றாகக் கொடுப்பதே லாபம்.

அறிகுறி: பீரோவில் காகிதம், எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாமே முக்கியம்

இங்கே தயங்குவதில் தப்பில்லை. தவறிப்போனால் அலைய வைக்கும் காகிதங்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

எந்நாளும் வைத்திருக்க வேண்டியவை: மூலப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களும், பாகப்பிரிவினை, உயில், பிறப்பு இறப்பு வாரிசுச் சான்றுகள், கல்விச் சான்றிதழ்கள், அடைத்து முடித்த கடனுக்கு வங்கி கொடுத்த கடிதம். நிலவரி கட்டிய பழைய ரசீதையும் இதோடு சேருங்கள். நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்று வழக்கு வந்தால் அந்த மஞ்சள் பூத்த துண்டுச் சீட்டுக்கு மதிப்பு வரும். மூலப் பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் என்று நீளும்.

சில காலம் வைத்திருக்க வேண்டியவை: வருமான வரித் தாக்கல் தொடர்பானவை எட்டு ஆண்டு வைத்திருந்தால் நிம்மதி. வாரண்டி அட்டை அதன் காலம் முடியும் வரை. புரோநோட்டுக்குப் பொதுவாக எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக் காலவரம்பு. இடையில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து அதை எழுதிக் கையெழுத்து போட்டிருந்தால் அங்கிருந்து மறுபடி மூன்று ஆண்டு. கடன் தீர்ந்துவிட்டால் நோட்டைத் திரும்ப வாங்கிக் குறுக்கே கோடு போட்டு வையுங்கள்.

தாராளமாகப் போகலாம்: கட்டி முடித்த பழைய கரண்ட் பில், காலாவதியான பாலிசி விளம்பரங்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகள். பட்டா, சிட்டா நகலும் வில்லங்கச் சான்றும் இணையத்தில் எடுக்க முடிகிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய நகலை அடுக்கி வைப்பதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆதார் எண்ணோ கணக்கு எண்ணோ உள்ள தாளை எடைக்குப் போடாமல் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கிவிடுங்கள். மொய் நோட்டு மட்டும் விதிவிலக்கு. திருப்பிச் செய்ய வேண்டியவர் இருக்கும் வரை அதை யாரும் கழிக்க மாட்டார்கள், கழிக்கவும் வேண்டாம்.

அறிகுறி: பைக்குள் பை, மூட்டைக்குள் துணி

தாம்பூலப் பை ஒரு முகூர்த்த மாதத்தில் எப்படிச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு துணிப்பை வரத்து இன்னும் கூடியது. சந்தைக்கு இரண்டு, வண்டியில் ஒன்று, ஆளுக்கு ஒன்று. மிச்சத்தைப் பூக்காரரிடமோ காய்கறிக் கடையிலோ கொடுத்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். உடுத்த முடியாத பருத்திச் சேலையைப் பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடம் போடும் முன் இரண்டை மட்டும் கரித்துணிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அசல் சரிகைப் பட்டாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் பழைய பட்டு வாங்கும் கடையில் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: கொல்லையில் விறகு, ஓடு, சொட்டுநீர்க் குழாய்

சேர்ந்ததற்குக் காரணம் தேடுவதைவிட அடியில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். அடுக்கி வைத்த ஓட்டிலும் விறகிலும் தேள் இருக்கும். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இந்தப் பக்கம் சாதாரணம். காலை வெயிலில் மட்டும் செய்யுங்கள். மூடிய காலணி, கையுறை. முதலில் நீளக் கம்பால் தட்டி, கம்பாலேயே புரட்டி, பிறகு கை. சந்துக்குள் கையை விடக் கூடாது. கடித்துவிட்டால் கட்டு போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்கு.

சொட்டுநீர்க் குழாயை உப்படைத்துப் போனபின் சுருட்டி வைப்பது வழக்கம். வெயிலில் கிடந்து மடக்கினால் வெடிக்கிற குழாய் இனி தோட்டத்துக்கு ஆகாது. பிளாஸ்டிக் எடைக்குப் போகும். பூச்சிமருந்து டப்பாவை எக்காரணம் கொண்டும் வீட்டு உபயோகத்துக்கு எடுக்காதீர்கள். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

அறிகுறி: எதைத் தொட்டாலும் சண்டை

ஒருவருக்குத் தெரியாமல் அவர் பொருளைப் போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அவர் எதையும் விடமாட்டார். அவரவர் பொருளுக்கு அவரவரே முடிவெடுக்கட்டும். பெரியவர்களிடம் “போட்டுடலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் வரும். “இது யாருக்குக் கொடுத்தா நல்லா இருக்கும்?” என்று கேளுங்கள், பேரனா, வேலைக்கு வரும் அக்காவா, கோயிலா என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். இறந்தவருடைய பொருளைக் கருமாதி முடிந்த கையோடு கழிக்க அவசரப்படுத்த வேண்டாம். ஒரு வருடம் ஒரே பெட்டியில் இருந்தால் வீடு நிறைந்துவிடாது.

இவற்றுக்கு அப்பாலும் ஒரு நிலை உண்டு. அடுப்பில் சமைக்கவோ கட்டிலில் படுக்கவோ இடமில்லை, காலி கவரைத் தொட்டாலும் பதறி அழுகிறார், ஆள் வந்தால் கதவு திறப்பதில்லை. இது பழக்கம் அல்ல, பதுக்கல் நோய். 2013-இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டில் இது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. வலுக்கட்டாயமாக வீட்டைக் காலி செய்தால் பதற்றம் கூடும். பொருளும் திரும்பச் சேரும். வயதானவர் திடீரென்று இப்படி ஆனால் மறதி நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம். ஓசூர்ப் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

அறிகுறி: பிரித்தாயிற்று, ஆனால் மூட்டை ஒரு மாதமாக வாசலிலேயே நிற்கிறது

மூட்டை வாசலில் நின்றால் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பிவிடும். பிரிக்கும் நாளை முடிவு செய்யும்போதே வெளியேற்றும் நாளையும் முடிவு செய்யுங்கள்: பழைய இரும்புக்காரரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டுக் காலையில் பிரிக்கத் தொடங்குங்கள். அவர் தராசைச் சரிபார்க்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஐந்து லிட்டர் கேனைக் காலியாக ஒரு முறையும், தண்ணீர் முழுக்க நிரப்பி ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஐந்து கிலோ காட்ட வேண்டும். நைந்த சாக்கு, உடைந்த செருப்பு, மெத்தைப் பஞ்சு போன்ற விலை போகாதவற்றைத் தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் வண்டி வரும் நாளில் கொடுங்கள். போகி வரட்டும் என்று வைத்திருந்து கொளுத்துவதாக இருந்தால் பழைய பாயும் முறமும் மட்டும் போகட்டும். டயர், ரெக்சின், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் தீயில் போகக் கூடாது. காலாவதியான மாத்திரையைச் சாக்கடையில் கொட்டாமல், உறையிலிருந்து பிரித்து, ஈரக் காபித் தூளோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.